இலைக்குருவிக்குத் திரும்பாத அப்பா

அக்கா,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. அப்பா மேல் எனக்குச் சந்தேகம்.

வலசைப் பறவைகள் பார்க்க அவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிப்போகப் போட்டிருக்கும் திட்டத்தில் காட்டுப் பாதையே இல்லை. ஏரி மட்டும்தான், நாரையும் வாத்தும். "ஏம்பா, எல்லாரும் இலைக்குருவி பார்க்கத்தானே வராங்க?" என்றேன். "காட்டுல கொசுடா" என்றார். இவர் என்றைக்குக் கொசுவுக்குப் பயந்தார்?

அதனால் நேற்று அப்பா வரும் வழியில் ஒரு புதருக்குள் போனை ஒளித்துவைத்து, இலைக்குருவியின் மெல்லிய கீச்சுக் குரலை ஓடவிட்டேன். போன வருஷம் இதையே செய்தபோது, "உன் குருவிக்கு சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்று என் காதைத் திருகியவர், இந்த முறை பேசாமல் தாண்டிப் போனார். எனக்கே காது குத்துகிறாரோ என்று சத்தத்தைக் கூட்டினேன். தெருநாய்கூடத் திரும்பிப் பார்த்தது. அப்பா திரும்பவில்லை. காகம் கரைந்தபோது மட்டும் நிமிர்ந்தார்.

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலைக்குள் மறைந்திருக்கும் குருவியைச் சத்தத்தை வைத்தே காட்டிக்கொடுக்கும் அவர் காதை நம்பித்தானே எல்லாரும் வருகிறார்கள்?

ராத்திரி சாப்பிடும்போது, ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றேன்.

"என்னடா திருட்டுத்தனம்?" என்று முறைத்தார்.

"ஒண்ணுமில்லப்பா. உங்க பக்கத்துலயே நடப்பேன். குருவி எந்தப் பக்கம் கத்துதோ, அந்தப் பக்கமா லேசா இடிப்பேன்."

அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அப்பா எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, திட்டத்தில் காட்டுப் பாதையைச் சேர்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "வலது பக்கமா நில்லு. இடது இன்னும் கொஞ்சம் கேக்குது" என்றார். நீ இதை அவரிடம் போனில் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அருமை வால்பையன்