ஒரே கணினியில் இரண்டு குடித்தனம்

மார்ச் 3, செவ்வாய்

முதல் சுற்றில் தேறிவிட்டேன்! நான் வேலைக்கு விண்ணப்பித்திருந்த சர்வர் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. இருபத்து நான்காம் தேதி செய்முறைத் தேர்வு. லினக்ஸில் உட்கார வைப்பார்கள், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம் அது. நான் அதைக் கல்லூரி லேபில் தொட்டதோடு சரி. இப்போது கல்லூரியும் முடிந்தது, லேபும் இல்லை.

வீட்டில் இருப்பது ஒரே கணினி. அதில் விண்டோஸ். அதை எடுக்கவே முடியாது, அம்மாவின் எம்பிராய்டரி மென்பொருள் அதில்தான் ஓடும். அம்மா அதில் வரைகிற டிசைன் பென்டிரைவில் ஏறி, பக்கத்து மேஜையில் இருக்கும் எம்பிராய்டரி மெஷினுக்குப் போகும். அந்த மெஷின் ஓடினால்தான் வீடு ஓடும்.

ஒரே கணினியில் இரண்டையும் வைக்கலாம். படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு, அம்மாவின் கணினியில் கை வைப்பது வேறு.

மார்ச் 4, புதன்

கடைத்தெருவில் கணினி ரிப்பேர் பார்க்கிறவரிடம் கேட்டேன். வருகிற கணினியை எல்லாம் "பேஷண்ட்" என்பார், அதனால் எல்லாரும் அவரை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். "ரெண்டு ஒண்ணா நிக்காதும்மா. ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடும். கொண்டு வா, சுத்தமா அழிச்சிட்டு எது வேணுமோ அதைப் போட்டுத் தரேன்" என்றார்.

நிற்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. "சரிண்ணா" என்று திரும்பி வந்துவிட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் எந்த ஆபீசில் போய்ப் பேசப் போகிறேன்?

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அண்ணனுக்கு உடனே குஷி. "ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம், வாசப்படி ஒண்ணு. சண்டை வராம இருக்குமா?" அம்மா சிரிக்கவில்லை. "என் டிசைன்ல ஒண்ணு போச்சு, உன்னை நான் சும்மா விடமாட்டேன்" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, என்னைப் பார்க்காமல், "செய்" என்றாள்.

மார்ச் 7, சனி

அம்மாவின் டிசைன்களை எல்லாம் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்தேன். அது போதாதென்று அண்ணன் போனிலும் ஏற்றினேன். அம்மா எதையும் அழிக்க மாட்டாள். ஒரு இலையின் நிறத்தை மாற்றினால்கூடப் புதிதாக ஒன்று சேமிப்பாள். ஏம்மா என்றால், "பழசும் இருக்கட்டும், அதுவும் நான் போட்டதுதானே."

பெயரிலும் ஒழுங்கு கிடையாது. விரல் பட்ட எழுத்தெல்லாம் பெயர். அதனால்தான் கடைசியாகச் சேமித்தது பட்டியலின் உச்சியில் வருகிற மாதிரி எப்போதோ நான் வைத்துக் கொடுத்தேன். அம்மா மேலே இருப்பதை எடுப்பாள், மெஷினில் செருகுவாள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

மார்ச் 8, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

விண்டோஸின் இடத்தைச் சுருக்கும்போது, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை நகர்ந்து நகர்ந்து நின்றுவிட்டது. பின்னால் அம்மா நூல் வெட்டும் கத்தரியோடு நிற்கிறாள், வெட்டவும் இல்லை போகவும் இல்லை. பட்டை மறுபடி நகர்ந்தது.

எல்லாம் முடிந்து கணினியைத் திரும்பப் போட்டதும், எதைத் திறக்க என்று கேட்டுக் கறுப்புத் திரையில் சில வரிகள். ஒன்று அம்மாவுடையது, ஒன்று என்னுடையது. முதலில் அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். அவள் ஒவ்வொரு டிசைனாகத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு. அப்ப நீ எங்க இருக்கே?" என்றாள். காட்டினேன். "பரவாயில்லையே, பளிச்சுனு இருக்கு" என்றாள்.

அம்மா ஸ்விட்சைப் போட்டுவிட்டு நூல் கோக்கப் போய்விடுவாள். அதனால் யாரும் எதையும் தொடாவிட்டால் அவள் பக்கமே திறக்கும்படி வைத்துவிட்டேன். எனக்கு வேண்டுமானால் நான்தான் உட்கார்ந்திருந்து கீழ் அம்பை அழுத்த வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே பட்டம் வாங்கியவள் நான்தான். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய அன்றுகூட இப்படி நெஞ்சு நிமிரவில்லை. அது பிறர் கொடுத்தது. இது நான் செய்தது.

மார்ச் 9, திங்கள்

டாக்டர் கடை வழியாகத்தான் வந்தேன். உள்ளே போய்ச் சொல்லலாமா? தலையைக் குனிந்துகொண்டு தாண்டி வந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன் — மதியம்

நன்றாகப் பழகுகிறது கை. ஒரு சின்னக் குறைதான்: என் பக்கத்தில் மணி முதல் நாளிலிருந்தே தப்பாகக் காட்டியது, ஐந்தரை மணி நேரம் கூடுதலாக. இன்று முதன்முறையாகப் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். தானே சரியாகிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை.

அதே நாள், இரவு

என்ன நடந்ததென்றே புரியவில்லை.

ரொட்டிக் கடைக்காரரின் ஏப்ரன் ஆர்டர். மார்பில் ஒரு கோதுமைக் கதிர். காலையில் அம்மா வரைந்து படம் அனுப்பினாள். கதிர் மறுபக்கம் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். மதியம் நான் என் வேலையை முடித்து எழுந்த பிறகு அம்மா உட்கார்ந்து கதிரைத் திருப்பினாள், சேமித்தாள், மேலே இருந்ததை எடுத்து மெஷினில் போட்டாள். சாயங்காலம் அவர் வந்து ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கதிர் இன்னும் அந்தப் பக்கமேதானே பாக்குது?" என்றார். ஒன்று இல்லை, அடுக்கி வைத்தது அத்தனையும்.

"நான் திருப்பினேன். இந்தக் கையாலதான் திருப்பினேன்." அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

டாக்டருக்கு போன் போட்டாள். "அப்பவே சொன்னேனேக்கா. தின்னுடுச்சு பாருங்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அதை எடுத்துடு" என்றாள் அம்மா. கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நான் அவ பக்கம் கையே வைக்கலையே. என்ன பண்ணேன் நான்? எடுத்துட்டா பரீட்சைக்கு எதுல பழகறது? எடுக்கலைன்னா அம்மா எதை நம்பி வேலை பார்ப்பா?

மார்ச் 13, வெள்ளி

காலையிலிருந்து நானும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து கதிர்களைப் பிரித்தோம். துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கொஞ்சம் படுத்தாள். நான் அவள் பக்கத்தைத் திறந்தேன். திருப்பின கதிர் அங்கேயே இருந்தது! யாரும் தின்னவில்லை. பழைய கதிருக்குக் கீழே இருந்தது, அவ்வளவுதான். புதியது எப்படிக் கீழே போகும்? சேமித்த நேரத்தைப் பார்த்தேன். மதியத்துக்கு மேல் போட்டதை, காலையில் பழையதற்கும் முன்னால் போட்டதாகக் காட்டுகிறது.

திரையின் மூலையைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில். மூலையில் மணி இன்னும் காலை. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறவள், அங்கே எதற்குப் பார்க்கப் போகிறாள்?

பிடித்துவிட்டேன். கணினிக்குள் கடிகாரம் ஒன்றுதான். அம்மா பக்கம் அதை அப்படியே ஊர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. என் பக்கம் அதில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தை வைத்து, ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. நேற்று இணையம் கொடுத்து என் மணியைச் சரிசெய்தேன் என்று மகிழ்ந்தேனே, அப்போது அம்மாவின் மணி பின்னால் போயிருக்கிறது.

அம்மாவை எழுப்பினேன். அவளிடம் இவ்வளவு நேரம் நிறுத்தாமல் நான் பேசியதே கிடையாது. கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "அப்ப யார் விட்டுக் கொடுக்கறது?"

"நான்தாம்மா. பின்னால குடி வந்தவ நான்தானே."

என் பக்கத்தில் ஒரே வரிக் கட்டளை. உள்ளே இருக்கும் கடிகாரத்தை இனி ஊர் நேரமாகவே எடுத்துக்கொள் என்று. பிறகு அம்மா பக்கத்துக்குப் போய் அங்கேயும் மணியைச் சரியாக வைத்தேன். என் பக்கம் போய் இணையம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மணி அசையவில்லை. அம்மாவே ஒரு கோடு வரைந்து சேமித்தாள். பட்டியலின் உச்சியில் வந்து நின்றது. "மறுபடி போயிட்டு வா" என்றாள். போய்விட்டு வந்தேன். இன்னொரு கோடு. அதுவும் உச்சியில்.

அம்மா போனை எடுத்தாள். "யாரு, டாக்டரா? எதுவும் எதையும் தின்னலை. கடிகாரம்தான். எங்க பொண்ணு கண்டுபிடிச்சிட்டா. இல்ல இல்ல, அவளேதான். வேணும்னா உங்களுக்கும் வந்து சொல்லுவா."

நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

மார்ச் 14, சனி

அண்ணன்: "சண்டை வரும்னு சொன்னேன்ல. ஆனா நீங்க கடிகாரத்துக்கு அடிச்சுக்குவீங்கன்னு நினைக்கலைடி."

கதிர்கள் இப்போது சரியான பக்கம் பார்க்கின்றன.

மார்ச் 24, செவ்வாய்

செய்முறை நன்றாகப் போனது. அதற்குப் பிறகு நேரில் பேச ஒரு அறை. எதிரே ஒரு அம்மையாரும் ஒரு இளைஞரும். முதல் கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னேன். "நீங்களா கண்டுபிடிச்சு சரி பண்ணின ஒரு பிரச்சினையைச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மையார்.

கோதுமைக் கதிரிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். என் குரல்தானா அது?

ஏப்ரல் 2, வியாழன்

கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 27, திங்கள்

வேலையில் முதல் நாள். லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள், அதில் லினக்ஸ் மட்டும். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, இனிமே எனக்கு அந்த இடம் வேண்டாம். காலி பண்ணித் தரேன், உன் டிசைனுக்கு ஆகும்" என்றேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" என்றாள்.

ஏப்ரல் 30, வியாழன்

வேலை முடிந்து வந்தால் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா மெஷினில் இருக்கிறாள். திரையில் அவள் பூக்கள் இல்லை. என் பக்கம். கடவுச்சொல் கேட்டுக் காத்திருக்கிறது.

"தானா இது திறக்காதே. யார் போட்டா?"

"நான்தான். கீழ் அம்பு, அப்புறம் பெரிய பொத்தான். இது என்ன பெரிய வித்தையா?"

"உனக்கு இதுல என்னம்மா வேலை?"

அம்மா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "ஆள் வேலைக்குப் போயிட்டாலும் ரூமை அப்பப்ப திறந்து வைக்கணும்ல."