உடைந்த முத்திரைகள் பற்றிய பதினொரு பக்கங்கள்

பியோர்ண்டால், ஒஸ்லோ
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பி சீதாராமன்,

நீர் சென்னைக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். முதலில் ஒரு முறைப்பாடு. கமலாதேவி உமக்குச் சோறு கட்டித் தந்த பெட்டியை நீர் கையோடு கொண்டுபோய்விட்டீர். ஒன்பது கிழமை சாப்பிட்டுவிட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போன விருந்தாளியை இப்போதுதான் காண்கிறேன் என்று சொல்லி அவள் சிரிக்கிறாள்.

துறைமுகத்தில் எங்கள் வலயம் நீர் விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு வருகிறது, தீர்வை கட்டும்வரை கிடக்கிறது, போகிறது. யூன் முதலாம் திகதி நகரசபை கையைக் கழுவிவிட்டு எல்லாவற்றையும் உம்மை இங்கே வரவழைத்த அந்த வெளி நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறது. அவர்களுடைய பெயர்ப்பலகை இப்போதே வந்து, எழுத்துப் பக்கம் தெரியாமல் சுவரோடு சாத்திக் கிடக்கிறது. இருபத்து மூன்று வருடம் நின்ற வாசலில் அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போகிறேன்.

வேலைமுறைக் கைநூல் எழுத நீர் கொண்டுபோன என்னுடைய கொப்பி பத்திரமா? நோர்வே மொழி எழுத வராத நாளில் வேலை விஷயங்களைத் தமிழில் குறிக்கத் தொடங்கி, பிறகு அதுவே பழகிவிட்டது. அதை உமக்குத் தந்ததற்குத் தொழிற்சங்கத்துக் கரோலினா என்னோடு கோபம். யாருக்கும் வாசிக்க ஏலாத கொப்பியை, வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளிடம் கொடுத்திருக்கிறாய் என்றாள். அவர் எங்கள் பிள்ளை, அவர் என்ன செய்யப் போகிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உம்முடைய கைபேசி கம்பனியுடையது, கைமாறி முடியும்வரை எங்களோடு கதைக்கக் கூடாது என்று கையெழுத்து வைத்திருக்கிறீர். அதனால்தான் கடிதம். பேனை பிடித்து எழுதுவதும் நல்லாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
யோகலிங்கம்

---

சென்னை
26 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெட்டி விஷயத்தில் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். கிரிஜா அதில் தயிர் சாதம் போட்டு எனக்குக் கொடுத்து அனுப்புகிறாள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வாசம் இன்னும் வருகிற மாதிரி இருக்கிறது.

ஆபீஸில் யாரையாவது ‘நீர்’ என்று கூப்பிட்டால் ராஜா வேஷம் போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். உங்கள் கடிதத்தில் படிக்கும்போது அது பிடித்திருக்கிறது.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. நூற்று நாற்பது பக்கத்தில் தொண்ணூறு மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் அன்றைய குளிரும் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷம் ஒருத்தர் இப்படி வேலை பார்த்திருக்கிறார் என்று என் டீமில் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

கரோலினா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களை மாதிரி ஆட்களை விட்டுவிட்டுப் புது நிறுவனத்தால் அந்த இடத்தை ஒரு வாரம்கூட நடத்த முடியாது.

உங்கள்,
சீதாராமன்

---

பியோர்ண்டால்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடிதம் வந்த அன்றே இன்னொரு கடதாசியும் என் கைக்கு வந்தது. நகரசபைக்கும் வெளி நிறுவனத்துக்கும் நடுவில் எழுதிய ஒப்பந்தம். கரோலினா கொண்டுவந்து ஒரு வரிக்குக் கீழே நகத்தால் கோடு போட்டுக் காட்டினாள். எந்த வேலை கைநூலில் முழுதாக விளங்கப்படுத்தப்படவில்லையோ, அந்த வேலையைச் செய்கிறவரைப் புது நிறுவனம் கட்டாயம் எடுக்க வேண்டும். முழுதாக எழுதியாகிவிட்டால் எடுக்கத் தேவையில்லை. இதுதான் வரி.

அந்தக் கைநூலைத்தான் நீர் எழுதுகிறீர். என் கொப்பியிலிருந்து.

எனக்கு ஐம்பத்தேழு வயது. இந்த வயதில் ஒஸ்லோவில் என்னை யார் எடுப்பார்கள் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் இருந்து ஜன்னலைப் பார்க்கிற ஆட்களை இங்கே அடுக்குமாடிக்கு நாலு பேராகக் காண்கிறேன். அவர்களில் ஒருவனாக எனக்கு விருப்பமில்லை.

கமலாதேவி சொன்னாள், “அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்கள் சும்மா மனசைக் குழப்பாதேங்கோ.” நானும் ஓம் என்றேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. எங்களோடு இருந்து சாப்பிட்ட நாட்களில் இந்த வரி உமக்குத் தெரியுமா? தெரியாது என்றால் தெரியாது என்று ஒரு சொல் எழுதும், எனக்குப் போதும்.

புது நிறுவனத்தின் பொறுப்பாளர் கிறிஸ்ரியன் வந்துவிட்டார். நல்ல மரியாதையான ஆள், கை குலுக்கும்போது பெயரைக் கேட்கிறார், அடுத்த நாளும் கேட்கிறார். மே பதின்மூன்றாம் திகதி கைநூலை ஒப்புக்கொள்ளும் கூட்டம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

யோகலிங்கம்

---

சென்னை
26 ஏப்ரல் 2025

அண்ணா,

தெரியும்.

ஒஸ்லோவுக்கு வந்த இரண்டாவது வாரமே தெரியும். சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அதனால்தான் சொல்லவில்லை என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. நீங்கள் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை சுலபமாகிவிட்டது என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இனி எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். படித்தபின் கிழித்துவிடுங்கள்.

உங்கள் நோட்டில் உடைந்த முத்திரைகள் பற்றிப் பதினொரு பக்கம் இருக்கிறது. கன்டெய்னர் கதவில் போடும் பிளாஸ்டிக் முத்திரை கடுங்குளிரில் தானாகவே உடைந்துபோகும், அதைத் திருடன் உடைத்ததிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தெரியாவிட்டால் குளிர்காலத்தில் உடைந்த ஒவ்வொரு முத்திரைக்கும் சரக்கை நிறுத்திவைத்து, சுங்கத்துக்குச் சொல்லி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது இல்லாமல் அந்த இடம் ஓடாது.

அந்தப் பதினொரு பக்கத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. கைநூலின் பன்னிரண்டாம் பகுதியில் ‘தெளிவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன். கூட்டத்தில் கேட்பார்கள். அது கையில் எடுத்துப் பார்த்துப் பழக வேண்டிய விஷயம், வாயால் சொல்ல வராது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அது போதும். ஒப்பந்தப்படி உங்களை எடுத்தே ஆக வேண்டும். என்னை ஏதாவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிரிஜாவின் போனிலிருந்து உங்களைக் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். தைரியம் வரவில்லை. உங்கள் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்தது. இது மே எட்டாம் தேதிக்குள் கிடைத்துவிடும்.

சீதாராமன்

---

பியோர்ண்டால்
18 மே 2025

தம்பி சீதாராமன்,

உம்முடைய கடிதம் பதினைந்தாம் திகதி, வியாழக்கிழமை பின்னேரம் வந்தது. கூட்டம் செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது.

நடந்ததை நீர் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கைநூலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். பன்னிரண்டாம் பகுதி வந்ததும் கிறிஸ்ரியன் நிறுத்தினார். சென்னையில் இருந்தவர் வேலையை அரைகுறையாகச் செய்திருக்கிறார், அவருடைய கம்பனிக்கு இன்றே முறைப்பாடு எழுதுகிறேன் என்றார். எனக்கு உம்முடைய நினைப்புத்தான் வந்தது. என் கிறுக்கல் எழுத்து விளங்காமல் போயிருக்கும், என்னிடம் கேட்கவும் உமக்கு வழியில்லை, என் கையெழுத்தால் உம்முடைய வேலை போகக் கூடாது என்று நினைத்தேன். நான் எழும்பும்போது கரோலினா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். கால் தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்தேன்; அந்த ஒப்பந்த வரி அந்த நேரம் நினைவுக்கே வரவில்லை.

அவரில் பிழையில்லை, நான் சொல்கிறேன் என்றேன். என் மேற்சட்டைப் பையில் எப்போதும் இரண்டு துண்டு முத்திரை கிடக்கும், உமக்கும் காட்டியிருக்கிறேன். எடுத்து மேசையில் வைத்தேன். குளிரில் உடைந்தது கண்ணாடி மாதிரி வெட்டாக இருக்கும். கையால் முறித்தது மடிந்த இடத்தில் வெளுத்திருக்கும். பூட்டு எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது, உறைபனி உடைவுக்கு மேலே படிந்திருக்கிறதா கீழேயா, எல்லாம் சொன்னேன். பதினொரு பக்கமும் எனக்கு மனப்பாடம். என் நோர்வே மொழி அன்றைக்குப் போல் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. கைபேசியில் படம் பிடித்தார்கள். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பி, அதையும் மறைக்கவில்லை.

பிறகு கிறிஸ்ரியன், பன்னிரண்டாம் பகுதி முழுமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். முப்பத்தோராம் திகதி எனக்குக் கடைசி நாள். கரோலினா நகரசபைக்கு எழுதிப் பார்த்தாள். என் கையெழுத்தைக் காட்டி முடித்துவிட்டார்கள்.

நேற்று மே பதினேழு, இந்த நாட்டின் தேசிய நாள். சந்தியெல்லாம் கொடியும் பிள்ளைகளும். நான் கீழே இறங்கவில்லை.

உம்மில் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தப் பக்கங்களை ஒளித்ததற்கு இல்லை, அதற்கு நான் உமக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏழு கிழமை எல்லாம் தெரிந்துகொண்டு என் முன்னால் இருந்து சாப்பிட்டீரே, அதற்கு. கிரிஜாவின் போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தீரே, அதற்கு. ஒரு நிமிடம் போதும், தம்பி. வாயைத் திறக்காதீங்க அண்ணா என்று சொல்லியிருந்தால் திறந்திருக்க மாட்டேன்.

அந்தப் பதினொரு பக்கத்தையும் இனி மொழிபெயர்த்துவிடும். அரைகுறையாகக் கிடந்தால் உமக்குத்தான் கரைச்சல்.

கமலாதேவிக்கு உம்முடைய கடிதத்தைக் காட்டவில்லை, கிழித்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது என்று இன்றைக்கும் சொன்னாள். அவளாவது அப்படி நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் நான் உமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும், என்னால் ஏலாது. பெட்டியையும் அனுப்ப வேண்டாம். முதலாம் திகதியிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு கட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

கிரிஜாவைக் கேட்டதாகச் சொல்லும்.

யோகலிங்கம்