கொய்யா வண்டிமேல் உன் முகம்

அடியே, இன்று காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு கொய்யாப்பழ வண்டிமேல் உன் முகத்தைப் பார்த்தேன். மழைக்காகக் கட்டிய பழைய ஃபிளெக்ஸ் பேனர். தலைகீழாகத் தொங்கினாய். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து மடிப்புக்குள் போயிருந்தது. "யாருங்க இது?" என்று கேட்டேன். வண்டிக்காரர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "யாரோ நடிகைமா. பேனர் கடையில தூக்கிப் போட்டுக்கினு இருந்தாங்க, எடுத்தாந்தேன்."

கேட்டாயா? இந்தப் பட்டத்துக்குத்தானே நீ தவம் கிடந்தாய்!

பட்டுக்கடையில் நாம் ஒன்றாக வேலை பார்த்த ஐந்து வருடமும், ரீல்ஸ் எடுக்க முதலாளி உன்னைத்தான் நிறுத்துவார். புதுப் புடவை கசங்கக் கூடாதே! முந்தானையை மட்டும் மடித்து உன் தோளில் ஊசி குத்திவிடுவேன். மேலே கல்யாணப் பெண், இடுப்புக்குக் கீழே சாயம் போன யூனிஃபார்ம் சேலை. நான் சிரித்தால், "ஜனம் மேலதான்டி பாக்குது, கீழ யாரு பாக்கறாங்க?" என்பாய். ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோ எடுக்க என்னை விட்டதில்லை.

நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். பேனர் கடைக்காரர் அவசரப்படுத்தினார். இருப்பதிலேயே அழகான படத்தை அனுப்பியது நான்தான். ஐயம்பேட்டையில் உங்கள் தெருமுனையில் அதைக் கட்டினார்கள். உன் அம்மா அதன்முன் வெகுநேரம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்து, "யாருமா இது? நம்ம தெருவுல இன்னொரு பொண்ணும் செத்துப்போச்சா?" என்றார்.

ஐயோ! பெற்றவளுக்கே நீ யாரென்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு வேறு படம் கேட்டார். என் போன் முழுக்கத் தேடினேன். ஆயிரம் படம் இருந்தது, ஒன்றில்கூட நீ இல்லை. கடைசியில் நீ யார் கண்ணிலும் காட்டாத உன் ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோனேன். சப்பை மூக்கு, எண்ணெய் வழியும் நெற்றி, தூக்கம் கலையாத கண். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத உன் அம்மா, "இதோ கீறாளே எம் பொண்ணு!" என்று அதை மாரோடு அணைத்துக் கதறினார்.

அதில் ஒரு நகல் என் கைப்பையில் இருக்கிறது. தெரிந்திருந்தால் என்னை நாறடித்திருப்பாய். திட்டு. திட்டுவதற்காவது ஒரு தடவை வாடி.