இலைக்கு அடியில்

ஜூன் 3

அன்புள்ள காட்டுக்காரிக்கு,

நான் நலம். நாற்றுப் பண்ணை வேலையில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. நீ தொட்டியில் விட்டுப்போன பெரணிச் செடிக்கு ஏதோ நோய். இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், பொத்தான் தைத்த மாதிரி. பரவுவதற்குள் அந்த இலைகளைக் கத்தரித்துவிட்டேன். நடுக்குருத்தைத் தொடவில்லை. வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இப்போது அதுதான்.

உன் தையல்காரன்

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

படித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அது நோயில்லை. பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. அந்தப் புள்ளிகளில் இருக்கும் தூளிலிருந்துதான் புதுச்செடி முளைக்கும். இங்கே மண்சரிவில் மேற்கு மலை ஓடைக்கரையே போய்விட்டது. அந்தக் கரைப் பெரணியில் மிஞ்சியது, முன்பு நான் அங்கிருந்து எடுத்துவந்த நம் வீட்டுத் தொட்டிச் செடி ஒன்றுதான். இலைகளை அனுப்பச் சொல்லி எழுத உட்கார்ந்தேன், உங்கள் கடிதம் முந்திக்கொண்டது.

கிளம்பும்போது உங்களையும் கூப்பிட்டேன். கடைக்குப் பூட்டுப் போட்டால் ஊரே துணியில்லாமல் நிற்கும் என்றீர்கள். நீங்கள் எதையும் புரட்டிப் பார்ப்பதில்லை, என்னையும் சேர்த்துத்தான். வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். கையெழுத்துப் போட்டால் இனி இங்கேதான். போட்டுவிடலாமென்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஜூன் 14

என் அன்புக் காட்டுக்காரி,

திட்டியதை வாங்கிக்கொண்டேன். ஆனால் தையல்காரன் வெட்டியதை எறிவானா? நீ வந்தால் காட்டலாமென்று, அளவு வெட்டும் காகிதத்தில் இலைகளை மடித்து அலமாரியில் வைத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் பிரித்தேன். இலைகள் சுருண்டு கிடந்தன. காகிதத்தில் இலை இலையாகப் பழுப்புத் தூள், சாக்பீஸில் குறித்த அளவு போல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தும்மல் வந்துவிடுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே திரும்ப மடித்தேன்.

தபாலில் போட்டால் அவர்கள் முத்திரை குத்துகிற குத்தில் எல்லாம் சிதறிவிடும். நானே கொண்டு வருகிறேன். தொட்டி என் மடியில் வரும். கடைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. மாப்பிள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தவர் வந்து கத்தினார். "பொண்டாட்டிகிட்ட போறேன், அதைவிட அவசரமா உங்க சட்டை?" என்று கேட்டேன். அவர் துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நீ தயங்காமல் கையெழுத்துப் போடு. மலையிலும் மனிதர்கள் சட்டை போடுவார்கள்தானே? சன்னலோரம் தையல் மெஷினுக்கு இடம் ஒழித்து வை.

உன்
தையல்காரன்