வரிக்காக மூட்டிய அடுப்பு

எந்த அடுப்பில் கொதித்தாலும் வாசத்தை வைத்தே இது யார் கை என்று சொல்லிவிடும் என் அன்பு மாமாவுக்கு,

மூத்த மருமகள் எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாமனாருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? ஒரே வீடு என்று எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின்படி நாம் மூன்று வீடு.

இங்கே மார்ச் முடியப்போகிறது. மாரியம்மன் நோம்பி சாட்டியாயிற்று, பள்ளிக்கூடமும் அடைத்துவிட்டார்கள். உங்கள் சின்ன மகன் குமுளியிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு கம்பம் இறங்கி, பஸ் மாறி மாறி நேற்று வந்து சேர்ந்தார். ஊரெல்லாம் திருவிழா முறுக்கு வாசம். எனக்கு மட்டும் மார்ச் என்றால் இன்னும் ஏலக்காய் மூட்டை வாசம்தான் வருகிறது.

மற்ற வீட்டுப் பெரியவர்கள் நோம்பிக்குத் துணி எடுக்கச் சித்தூர் போவார்கள். நீங்கள் வக்கீலைப் பார்க்கப் போவீர்கள். விவசாய வருமானத்துக்குக் கேரள அரசாங்கம் கேட்கும் வரியில் எதை எப்படிக் குறைப்பது என்பதுதான் உங்களுக்கு நோம்பி. குமுளித் தோட்டத்து ஏலக்காயை மார்ச்சுக்குள் விற்றால் இந்த வருஷக் கணக்கில் ஏறிவிடும். அங்கேயே விட்டுவைத்தால் சின்னவர் ஆசைப்பட்டு விற்றுவிடுவார். அதனால் மூட்டைகளை இங்கே வரவழைத்துப் பிள்ளைகள் படுக்கும் அறையில் அடுக்கினீர்கள். அடுத்த வருஷத்து எருவை இந்த வருஷமே வாங்கிச் செலவில் காட்டி, வீட்டுக்கு வரும் உறம்பரை சனம் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே கொட்டி வைத்தீர்கள். இன்ஷூரன்ஸ் தவணையைக் கடைசி நாளில் கட்டிவிட்டு வந்து காலை நீட்டிப் படுப்பீர்களே, வேண்டுதலை முடித்தவர் மாதிரி! அதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தையும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து, நீங்கள் வக்கீலிடம் பேசுவதைப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

அப்புறம்தான் அந்த வக்கீல் உங்களுக்குப் பெரிய வழியைக் காட்டினார். கூட்டுக் குடும்பமாக இருந்தால் மொத்த வருமானமும் ஒரே தலையில் ஏறும், வரியும் ஏறும். அப்பா, மூத்த மகன், சின்ன மகன் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டால் ஆளுக்குக் கொஞ்சம் வருமானம், அதற்குக் கொஞ்சம் வரி. மார்ச்சுக்குள் பாகப் பத்திரம் பதிய வேண்டும். பதிந்தால் மட்டும் போதாது, ஆபீசர் விசாரிக்க வரும்போது நிஜமாகவே பிரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் நிலம் பிரிந்தாலும் அடுப்புப் பிரியாதவரை அதைப் பிரிவினை என்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது ஆபீசருக்கும் தெரியும் என்று வக்கீல் சொன்னாராம்.

ஆக, அடுப்பு வைத்தீர்கள். மகனைத் தனியாக வேறு வைக்கும்போது புதுப்பானையும் அரிசியும் பருப்பும் உப்பும் கொடுத்து அனுப்புவது வழக்கம். நீங்கள் அதைக்கூட விடவில்லை. பழைய மாட்டுக்கொட்டகையைக் கழுவி எனக்கு ஒதுக்கிவிட்டு, வேலையாட்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து அந்தப் பானையை என் கையில் கொடுத்தீர்கள். பெரிய வீட்டு அடுப்பு அத்தைக்கும் உங்களுக்கும். குமுளிக்காரருக்குப் பின்வாசலில் ஒன்று, வருஷத்தில் நோம்பிக்கு மட்டும் எரிவதற்கு. வக்கீல் சொல்லியிருந்தால் பூனைக்கும் ஒன்று வைத்திருப்பீர்கள்.

எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் அம்முணி என்றீர்கள். நீங்கள் அம்முணி என்று கூப்பிட்டால் எனக்கு எதையும் மறுக்க வராது. அது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுப்போடு நிறுத்தியிருக்கலாம் மாமா. எதைச் செய்தாலும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் செய்வது உங்கள் குணம். ஒற்றுமையாக இருந்த குடும்பம் எதனால் பிரிந்தது என்று ஆபீசர் ஊரில் கேட்டால் ஊர் ஏதாவது சொல்ல வேண்டாமா? வக்கீலே கேட்காத காரணத்தை நீங்களாக யோசித்துக் கண்டுபிடித்தீர்கள்.

அந்த வருஷ நோம்பியில் மாவிளக்குத் தட்டோடு கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்து உறம்பரை முழுக்க வந்திருந்தது. ஏனுங்க, பிரிஞ்சுட்டீங்களாமே என்று யாரோ கேட்டார்கள். நீங்கள் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தீர்கள். அந்தக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை, நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

“என்னத்தச் சொல்லறதுங்க. மூத்த மருமக மாமியாளுக்கு ஒரு வாய் சோறு போடமாட்டேங்கறா. கண்ணால பாத்துட்டு இருக்க முடியலீங்க, அதான் வேற வெச்சுப்போட்டேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் மகன் என் பக்கத்தில்தான் நின்றார். கிடா வெட்டும் இடத்தை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரும் ஒரு கிடாவும் மட்டும்தான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் மாமா, சின்னவன் குடிக்கிறான் என்று சொல்லியிருக்கலாமே? அப்பனுக்கும் மூத்தவனுக்கும் ஒத்துவரவில்லை என்று சொல்லியிருக்கலாமே? மகன்களுக்கு நாளைக்கு ஊரில் பெயர் வேண்டும். அயலூரிலிருந்து வந்த மருமகளுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தீர்களா? அல்லது நினைக்கவே இல்லையா? இரண்டில் எது எனக்கு அதிகம் வலிக்கும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“உன்ற பேரு எங்க போயிருது அம்முணி? ஆபீசர் வந்துட்டுப் போகட்டும். அதே கோயல்ல நின்னு நானே சொல்லிப்போடறேன்.”

ஆபீசர் வருவதற்கு முன்னால் அத்தையைத் தயார் செய்தீர்கள். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷி. காலையில் பல் துலக்கும்போதும், மத்தியானம் வெற்றிலை போடும்போதும் அதே ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். தப்பினால் திட்டினீர்கள். முதலில் அத்தை அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவத்தைப் பேச வெக்கறாரே கண்ணு என்றார். அப்புறம் அழாமல் சொன்னார். அப்புறம் தப்பே இல்லாமல் சொன்னார்.

ஆபீசர் வந்து பெரிய வீட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். பானை மூடியைத் திறந்தார், ஆவி வந்தது. தனி அடுப்பு எரிகிறது என்று அவருக்குத் திருப்தி. அந்தப் பானையில் இருந்தது என் குழம்பு. முழங்கால் வலியில் அத்தைக்கு அடுப்பின் முன் குந்த முடியாது. நான்தான் விடிந்ததும் கொட்டகையில் வைத்து, முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போய் அந்தப் பானையில் ஊற்றுவேன். என் குழம்பு ஆவி பறக்க முன்னால் இருக்கும்போதே அத்தை கணீரென்று சொன்னார்:

“மூத்தவ எனக்குச் சோறு போடறதில்லீங்க.”

நீங்கள் ஆபீசருக்கு இளநீர் வெட்டச் சொன்னீர்கள்.

அவர் போனதும் கேட்டேன். உத்தரவு கைக்கு வரட்டும் என்றீர்கள். உத்தரவு வந்தது, பிரிவினை உண்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மறுபடி கேட்டேன். பழைய கணக்கை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் தோண்டலாம், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றீர்கள். அப்புறம் நான் கேட்பதை நிறுத்தினேன். நீங்களும் நிம்மதியாக இருந்தீர்கள்.

காய்ச்சலில் படுத்தபோது அத்தை கொடுத்த கஞ்சி இறங்கவில்லை. என் கொள்ளு ரசம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். பட்டப்பகல், பின்வாசல் வழியாகக் கொண்டுவா, யாராவது பார்த்தால் தப்பாகிவிடும் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். சாணிக்கூடைக்குள் கிண்ணத்தை வைத்து, மேலே வைக்கோலைப் போட்டு, திருடியைப் போலக் கொண்டுவந்தேன். நீங்கள் உறிஞ்சிக் குடித்தீர்கள். கிண்ணத்தைத் துடைத்து நக்கினீர்கள். எனக்கு அப்போது உங்கள் மேல் வந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அந்தக் காய்ச்சலிலிருந்து நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு வாய்க்கரிசி போடக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

“உசுரோட இருக்கைல சோறு போடாதவ, இப்ப அரிசி போட வந்துட்டா.”

என் விரலிலிருந்து அரிசி உங்கள் வாயில் விழுந்தது. உங்களை உற்றுப் பார்த்தேன். எந்தப் பதிலும் சொல்லாமல் நன்றாகத்தான் படுத்திருந்தீர்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்பம் என்று ஒன்று இனிமேல் கிடையாது என்று அரசாங்கமே சட்டம் போட்டுவிட்டது. ஒரே நாளில் எல்லாக் குடும்பமும் பிரிந்துவிட்டதாகக் கணக்கு. யாரும் கொட்டகையைக் கழுவ வேண்டாம், கோயிலில் துண்டால் கண்ணைத் துடைக்க வேண்டாம். அடுப்பு ஒன்றோ பத்தோ, ஒருத்தரும் மூடியைத் திறந்து பார்க்க வரமாட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லாம் தானாக நடந்திருக்கும் என்று வக்கீல் சொல்லிச் சிரித்தார். நீங்கள் இருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு.

சரி, சட்டமே வந்துவிட்டதே, இனி உண்மையைச் சொன்னால் என்ன என்று நேற்று கேட்டேன். நான் சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்த குமுளிக்காரருக்கு அண்ணியின் கேள்வியில் புரையேறியது. “வேண்டாமுங் நங்கையா. பிரிஞ்சது பொய்யின்னு தெரிஞ்சா பழைய வருசத்துக்கெல்லாம் கரமும் கட்டோணும், அபராதமும் கட்டோணும். அம்மா ஆபீசர்கிட்டப் பொய் சொன்னதா ஆயிரும்.” பிறகு இன்னொரு பணியாரம் எடுத்துக்கொண்டார். உங்கள் மூத்த மகன் வழக்கம்போல வேறு எங்கோ பார்த்தார். இந்தக் குடும்பம் வரி கட்டாமல் மிச்சம் பிடிப்பதெல்லாம் என் பெயரை விற்றுத்தான். விற்றவர்கள் யாரும் விலை கேட்கக்கூட என்னிடம் வரவில்லை.

உங்கள் பேத்தி சரோஜா சித்தூர் காலேஜில் படிக்கிறாள், கெட்டிக்காரி. தை மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டும்போதே யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள் போல. பையனின் அம்மா நேராக அத்தையிடம் போய் உட்கார்ந்து, மருமக நல்லாப் பாத்துக்கறாங்களா என்று கேட்டார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு அத்தைக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மகன்களைத் தெரியவில்லை. உங்கள் படத்தைக் காட்டினால், யாருங்க இவரு, நல்லா இருக்காரே என்கிறார். சாப்பிடக்கூடத் தெரியவில்லை. நான்தான் பிசைந்து உருட்டி ஊட்டுகிறேன். கைக்குழந்தை மாதிரி வாயைத் திறந்து காத்திருப்பார். என்னை யார் என்று தெரியாது, ஆனால் என் கை வந்தால் வாய் திறக்கும்.

அன்றைக்கும் ஊட்டிக்கொண்டுதான் இருந்தேன். கேள்வி காதில் விழுந்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயில் நான் வைத்த சோறு இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, ஒரு எழுத்துத் தப்பாமல், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். மூத்தவ எனக்குச் சோறு போடறதில்லீங்க. சொல்லிவிட்டு அடுத்த வாய்க்கு என்னைப் பார்த்தார்.

வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். சரோஜா தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நீ போயி மூஞ்சி கழுவும்மா, நான் ஊட்டறேன் என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கோயிலில் போய் நின்று நானே சொல்லிவிடலாம். மாவிளக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வரியும் அபராதமும் போனால் போகட்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் அத்தையைப் பொய்க்காரி என்று ஊர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை என்னால் பார்க்க முடியாது. இதையும் யோசித்துத்தான் அவர் வாயால் சொல்ல வைத்தீர்களா மாமா? அவ்வளவு கெட்டிக்காரரா நீங்கள்?

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். அத்தையை ஒரு வேளையும் பசியோடு விடமாட்டேன். என் கையால்தான் ஊட்டுவேன், வாயைத் துடைத்துத்தான் படுக்க வைப்பேன். வயிறு நிறைய வைத்தே உங்களிடம் அனுப்புவேன். அங்கே வந்து உங்களைப் பார்த்ததும் அத்தை முதலில் சொல்லப்போவது, மூத்தவள் எனக்குச் சோறு போடுவதில்லை என்பதுதான். அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அங்கே ஆபீசர் இருக்க மாட்டார், வக்கீல் இருக்க மாட்டார், மார்ச்சும் வராது. உண்மை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். அப்போது அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று இப்போதிருந்தே யோசித்து வையுங்கள்.

கொட்டகை அடுப்போடு பெரிய வீட்டு அடுப்பையும் எரித்துக்கொண்டிருக்கும்
உங்கள் மூத்த மருமகள்