நிலம் முடியும் இடம்வரை

இன்று காலை பாரிஸ் லா சப்பலில், மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. பாலத்தின் இடுக்கால் ஒழுகிய தண்ணீர் சூடான சைலன்சரில் விழுந்து சீறியது. எரிந்த எண்ணெயும் ஈரத் தூசியும் கலந்த அந்த வாசனை வந்ததும், மரக்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். சனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். சிநேகிதி, நீர் எங்களை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. உம்மிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

ரூ லூயி-பிளாங் தெருவில் நீர் விமான ரிக்கற் விற்கும் கடையில் இருந்தீர். இரண்டு கதவு தள்ளி, சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் நான். பின்னேரம் தேத்தண்ணி குடிக்க உம்மிடம் வருவேன். கொழும்பு, சென்னை, ரொறன்ரோ என்று ஊர் உலகமெல்லாம் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் நீர். ஆனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் உம்முடைய இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெசின் காத்திருக்கும். இரண்டு நாளுக்கு மேல் பாரிஸை விட்டு விலக உம்மால் முடியாது. அதை ஒரு பகிடியாகத்தான் சொல்வீர். "நான் கட்டிப்போட்ட ஆடு. கயிறு கொஞ்சம் நீளம்."

என்னுடைய கதை வேறு. வன்னியில் சண்டைக்குத் தப்பி ஓட, உழவு மெசின் பெட்டி. பிறகு முகாமுக்கு ஏற்றிய பஸ். அதற்குப் பிறகு ஏஜென்ற் காட்டிய விமானம், கடைசியில் லொறி. பிரான்சுக்குள் நான் வந்தது தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால், இருட்டில். எந்த வழியால் வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு நாள் இதை உமக்குச் சொன்னபோது, தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்.

"அப்ப நீர் உம்மடை விருப்பத்திலை ஒரு இடத்துக்கும் போனதே இல்லையோ?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

மோட்டார்சைக்கிள் என்ற பேச்சு அன்றுதான் தொடங்கியது. சாப்பாட்டுக் கடை வான் ஓட்ட நான் ஏற்கெனவே பெர்மி, அதுதான் சாரதி அனுமதிப்பத்திரம், எடுத்திருந்தேன். அதோடு ஏழு மணித்தியாலப் பயிற்சி எடுத்தால் நூற்றிருபத்தைந்து சிசி ஓடலாம் என்று கண்டுபிடித்தது நீர். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பயிற்சியில் மூன்று தடவை மோட்டார்சைக்கிளோடு சாய்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். விளங்காத மாதிரி நின்றேன். விளங்கியது.

ஒபர்வில்லியேயில் பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஓகஸ்டில் எங்கள் சாப்பாட்டுக் கடை பூட்டும்போது, பிரான்சின் மேற்கு முனைவரை நான் போவதென்று நீர் முடிவெடுத்தீர். வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினீர். "பினிஸ்தேர். நிலம் முடியிற இடம் எண்டு அர்த்தம். அதுக்கங்காலை கடல்தான்."

சென் தெனியில் அண்ணை வீட்டில்தான் அப்போது இருந்தேன். பிரான்சுக்கு என்னைக் கூப்பிட்டு எடுத்தவர் அவர். விஷயம் தெரிந்ததும் உம்முடைய கடைக்கே வந்துவிட்டார்.

"இவளுக்கு விசரெண்டால் உங்களுக்குமோ? பொம்பிளை தனிய, முன்னைப் பின்னைத் தெரியாத ரோட்டிலை. சனம் என்ன கதைக்கும்?"

நீர் ரிக்கற் அடிப்பதை நிறுத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னீர்.

"அண்ணை, இவவை லொறிக்குள்ளை ஏத்தேக்கை உங்களுக்கு இந்தப் பயம் வரேல்லையோ?"

அண்ணை கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அவர் கெட்டவரில்லை, அது உமக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை யாரோ ஒருவர் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை புறப்பட்டேன். ஓட்டோறூட் என்கிற பெருஞ்சாலை இல்லாத சின்ன வீதிகளாகப் பார்த்து எழுதித் தந்திருந்தீர். சார்த்ர் தாண்டும்வரை தோள் இரண்டும் கல்லாக இருந்தன. லொறிகள் முந்தும்போது காற்று என்னைப் பக்கத்துக்குத் தள்ளியது. சுற்றுச்சந்தி ஒன்றின் நடுவில் எஞ்சின் நின்றுபோக, பின்னால் ஐந்தாறு கார்கள் ஹோர்ன் அடித்தன. அவர்கள் அடிக்க அடிக்க நான் ஆறுதலாகத் திரும்ப ஸ்ராட் பண்ணினேன். பிறகு இருபுறமும் வெட்டி முடிந்த கோதுமை வயல். யாரும் முன்னுக்கில்லை, பின்னுக்கில்லை. ஹெல்மெற்றுக்குள் நான் சத்தமாகச் சிரித்தது எனக்கே கேட்டது.

இரண்டாம் நாள் லெ மான் கழிந்து ஒரு சின்ன ஊரில் விழுந்தேன். வளைவில் புதிதாகக் கொட்டிய சல்லி. முன்சில்லு வழுக்கியது மட்டும் நினைவிருக்கிறது. பாண் கடைக்காரி ஓடிவந்து தூக்கிவிட்டாள். முழங்கால் உரிந்து, ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து, கிளச் பிடி வளைந்திருந்தது. வீதியோரம் குந்தியிருந்து அண்ணைக்கு ரெலிபோன் அடித்தேன். "அங்கையே இரு, வான் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உடைத்தது. சரியென்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் உமக்கு அடித்தேன். செவ்வாய்க்கிழமை. பின்னால் மெசின் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். கேட்டு முடிய நீர் கேட்டது மூன்று கேள்வி.

"கால் ஊண்ட ஏலுதோ?"

"ஓம்."

"கை?"

"ஓம்."

"சைக்கிள் ஸ்ராட் வருதோ?"

பார்க்கவில்லை என்றேன்.

"பாரும். நான் இஞ்சை நாலு மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் கிடக்கிறன். ரெண்டு பேரும் கிடந்தால் ஆர் போறது?"

போய்ப் பார்த்தேன். வந்தது. அண்ணைக்குத் திரும்ப அடித்து வரவேண்டாம் என்றேன். அவர் சத்தம்போட்டார். முடிவெடுத்தாயிற்று, ஆகையால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முனைக்குப் போய்ச் சேர்ந்தேன். பாறை, காற்று, அதற்கப்பால் கடல். ஹெல்மெற்றைக் கழற்றிப் பாறையில் வைத்தேன். உமக்கு அழைத்து ரெலிபோனைக் கடலுக்கு நேரே பிடித்தேன். கடையில் நின்ற ஆட்களெல்லாம் கேட்கட்டுமென்று நீர் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தீர்.

"ஒண்டும் கேக்கேல்லை, காத்து மட்டும்தான்" என்றீர். பிறகு, "என்னையும் ஒருக்கால் ஏத்தும்" என்றீர்.

அதை நீர் அதுவரை கேட்டதே இல்லை.

அடுத்த வைகாசியில் ஒரு ஞாயிறு, உம்மைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தியெப் கடற்கரைக்குப் போனேன். மருத்துவத்தாதி வேண்டாம் என்றுதான் சொன்னார். "செவ்வாய் வரை நான் என்ரை ஆள்" என்று அவருக்குப் பிரெஞ்சில் சொன்னீராம். வழியில் ஐந்து இடத்தில் நிறுத்தி இளைப்பாறினோம். கடற்கரையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தரச் சொன்னீர். உமக்கு அது கூடாது. வாங்கித் தந்தேன். மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டி, "உப்புக் காணாது" என்றீர். திரும்பி வரும்போது என் முதுகில் தலையைச் சாய்த்து நித்திரையாகிப்போனீர். விழுந்துவிடுவீரோ என்று ஒரு கையால் உம்முடைய கைகளைப் பிடித்தபடி மணிக்கு முப்பதில் ஓடினேன், நிறுத்தப் பாதுகாப்பான இடம் வரும்வரை. அதுபோல் பயந்து நான் ஓடியதே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாரிக்காலம் உயிரோடு இருந்தீர். உம்முடைய இருதயம்தான் கடைசியில் நின்றது.

செத்தவீட்டில் உம்முடைய ஒன்றுவிட்ட அக்கா என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்திக் கேட்டார். "வருத்தக்காரியை மோட்டார்சைக்கிளிலை கொண்டு திரிஞ்சது நீர்தானே? அதுக்குப் பிறகுதானே அவள் படுக்கையிலை விழுந்தவள்?"

அது உண்மையில்லை. மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போயிருக்கலாம். அண்ணை பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை.

"ஓம், நான்தான் கொண்டு போனனான்" என்றேன். "அவ கேட்டவ. இன்னொருக்கால் கேட்டிருந்தால் இன்னொருக்கால் கொண்டு போயிருப்பன்."

அக்காவின் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

உம்மிடம் சொல்லாமல் விட்டது இதுதான். உமக்காக நான் இன்னும் அழுகிறேன். வெங்காயம் வெட்டும்போது அழுதால் சமையலறையில் ஒருவரும் கேட்கமாட்டார்கள், அது வசதி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு நாளும் அழுததில்லை, அழவும் மாட்டேன்.

வருகிற ஓகஸ்டில் தெற்கெல்லையில் இருக்கும் பிரெனே மலைப்பக்கம் மோட்டார்சைக்கிளில் போகிறேன். எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அண்ணை வீட்டில் ஒருவரிடமும் கேட்கவில்லை. சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.