சுத்தியலுக்கு உடைந்த நீலம்

ஏறாவூர்

அன்பு மகள் ரிப்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இரத்தினபுரிக் கல் சோதனைக் கூடத்தில் நீ சுகமாக வேலை செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நான் நடமாடுகிறேன், இடது காதில்தான் இரைச்சல் நிற்கவில்லை. போனில் பேசினால் வாப்பாவுக்குக் கேட்கும் என்றுதான் எழுதுகிறேன். இதோடு வரும் பஞ்சுப் பொட்டலத்தில் நம் வீட்டு நீலக்கல் மூன்று துண்டாக இருக்கிறது.

உன் தங்கச்சி ஸுஹைனாவின் கலியாணத்துக்கு அதை மோதிரமாகக் கட்டச் சொல்லி வாப்பா உன் தம்பி றுஸ்தியிடம் கொடுத்து மட்டக்களப்புக்கு அனுப்பினார். கொடுத்தனுப்பிய தங்கம் போதாது என்று கடைக்காரர் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு றுஸ்தி கொண்டுவந்தபோது புது பல்ப் வெளிச்சத்தில் கல் மை போலக் கறுத்துத் தெரிந்தது. 'இது என்ட கல் இல்ல, கண்ணாடி, மாத்திப்போட்டாய் கள்ளா' என்று வாப்பா கத்தினார், அசல் நீலம் சுத்தியலுக்கு உடையாது என்று சொல்லி அம்மியில் வைத்தார். எந்தக் கல்லும் அடித்தால் உடையும் என்று ரிப்கா சொல்லியிருக்கிறாளே என்று நான் குறுக்கே போனேன். 'படிச்சவள் சொன்னா சுத்தியல் கேக்குமா' என்று என்னைக் காதோடு அறைந்தார். சுத்தியலின் ஒரே அடியில் கல் தெறித்தது. றுஸ்தி ஓடவில்லை மகள், வலது கையை அம்மியில் வைத்து, 'நான் எடுத்திருந்தா இந்தக் கை எனக்கு வாணா வாப்பா' என்றான். பயமுறுத்தத்தான் ஓங்குகிறார் என்று நினைத்தேன், சுத்தியல் இறங்கிவிட்டது. எலும்பு நொறுங்கிய சத்தம் கல் உடைந்த சத்தத்தைவிட மெல்லியது. ஸுஹைனா அலறியதில் பக்கத்து வீட்டு உசனார் மதில் ஏறிக் குதித்து வந்து சுத்தியலைப் பறித்தார், வாப்பா அவர் தோளையும் கடித்துவிட்டார். றுஸ்தியின் இரண்டு விரலுக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓட்டமாவடி மாமா வீட்டுக்குப் போய்விட்டான். கள்ளன் என்ற பேரோடு இந்த வாசலை மிதிக்கமாட்டானாம்.

அம்மியடியைக் கூட்டும்போது துண்டுகளைப் பொறுக்கினேன். ஒன்றின் முனையால் அலுமாரிக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தேன், ஆழமாகக் கிழித்தது. கண்ணாடி கண்ணாடியை இப்படிக் கிழிக்குமா? நீலம் அல்லாத வேறு கல்லும் கீறும் என்று நீ சொல்வாய், தெரியும். ஆனால் போன பெருநாளுக்கு வந்தபோது லென்ஸை வைத்து, கல்லுக்குள் சிறகு போல ஒரு வெடிப்பு இருக்கிறது, வேறு எந்தக் கல்லிலும் அதே சிறகு இருக்காது என்று எல்லோருக்கும் காட்டினாயே. அந்தச் சிறகு இந்தத் துண்டுகளில் இருக்கிறதா என்று பார். தம்பிக்காக ஒன்றும் கூட்டி எழுதாதே, இல்லாவிட்டால் இல்லை என்றே எழுது. அறிக்கையை வாப்பா பெயருக்கு அனுப்பு, அவரே பிரித்துப் படிக்கட்டும். அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுதான் அவர் தாடி திருத்துகிறார், கோடு அவர் முகத்தின் நடுவால் போகிறது. யார் கீறியது என்று இன்னும் கேட்கவில்லை.

உன் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பலம் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. பொட்டலத்தைப் பிரிக்கும்போது விரல் கவனம், முனை கூர். ஒரு துண்டில் தம்பியின் இரத்தம் காய்ந்திருக்கிறது, எனக்குக் கழுவ மனம் வரவில்லை. நீ கழுவிவிட்டுப் பார்.

உன் உம்மா
ஆமினா